சோனாருக்குத் தேவை புல்மோட்டை மணல் அல்ல, ஒரு தண்ணீர்த் தொட்டி

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில், தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் மீனையும் ஆழத்தையும் அறியும் சோனார் பற்றி வந்த கட்டுரையை எங்கள் பட்டறையில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். எழுதியவருக்குக் கோபம். புல்மோட்டைக் கரையில் கிடக்கும் கனிம மணலான சிர்க்கோனையும் ரூட்டைலையும் மூட்டை கட்டிக் கப்பலேற்றுகிறோம், அதே சிர்க்கோனியமும் டைட்டேனியமும் சேர்ந்த சோனார்க் கருவியை டொலர் கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம், ஒரு தொழிற்சாலை போட்டால் இந்து சமுத்திரம் முழுவதுக்கும் நாங்களே விற்கலாம் என்கிறார். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் மீன்பிடிப் படகுகளின் எக்கோ சவுண்டர்களை, அதாவது எதிரொலியால் ஆழமும் மீனும் காட்டும் கருவிகளைத் திருத்திப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் கை வைத்த இடம் பிழை.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். ஏனென்றால் 2023 இல் சீன ஆய்வுக் கப்பல் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தபோது பத்திரிகைகள் எல்லாம் சோனாரை ஏதோ மந்திரக் கண் மாதிரி எழுதித் தள்ளின. படகின் அடியில் பூட்டியிருக்கும், ஒலியை அனுப்பித் திரும்பக் கேட்கும் டிரான்ஸ்டியூசரை உடைத்தால் உள்ளே ஒரு சுட்ட பீங்கான் வட்டு, அதன் இரண்டு முகத்திலும் வெள்ளிப் பூச்சு, இரண்டு கம்பி, அவ்வளவுதான். மின்னழுத்தம் கொடுத்தால் வட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு தடித்து மெலியும், அந்த அசைவு தண்ணீரைத் தள்ளி ஒலியாகப் போகும். எதிரொலி திரும்பி வந்து அதே வட்டை அமுக்கும்போது வட்டு தானே மின்னழுத்தம் தரும். கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகிறது, ஆகவே 100 மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 0.13 செக்கன். அந்த நேரத்தை அளந்து பாகக் கணக்கிலோ மீற்றரிலோ திரையில் காட்டுவது மேலே இருக்கும் பெட்டியின் வேலை.

இந்த வட்டு செய்யும் பொருளுக்குப் பெயர் லெட் சிர்க்கோனேட் டைட்டனேட், சுருக்கமாக பி.இசட்.டி. 1950களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்து கொண்டுவந்த கலவை. பெயரில் சிர்க்கோனியமும் டைட்டேனியமும் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கட்டுரையாளர் புல்மோட்டைக்கு ஓடியிருக்கிறார், முன்னால் லெட் என்று நிற்கும் ஈயத்தை விட்டுவிட்டார். வழக்கமான கலவையில் சிர்க்கோனியமும் டைட்டேனியமும் அணுக்கணக்கில் 52க்கு 48. அதை நிறைக்கு மாற்றிப் பாருங்கள், உயர்தர இரசாயனவியல் படித்த எந்தப் பிள்ளையும் போடக்கூடிய கணக்குத்தான்: ஈய ஒட்சைட்டு 68 வீதத்துக்கு மேல், சிர்க்கோனியம் ஒட்சைட்டு 20 வீதத்துக்குச் சற்றுக் குறைவு, டைட்டேனியம் ஒட்சைட்டு 12 வீதம். மீன் தேடும் கருவியில் போடும் சாதாரண வட்டு 45 மில்லிமீற்றர் விட்டமும் 10 மில்லிமீற்றர் தடிப்பும் என்றால் அதன் நிறை 120 கிராம் அளவில் வரும். அதில் சிர்க்கோனியம் ஒட்சைட்டு வெறும் 24 கிராம். ஆயிரம் வட்டுச் செய்தாலும் 24 கிலோ. சிர்க்கோன் மணலில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒட்சைட்டு என்பதால் 36 கிலோ மணல் போதும், ஒரு சீமெந்துப் பை நிரம்பாது. அந்த ஒரு பைக்காகத் தொழிற்சாலை போடச் சொல்கிறாரா?

மணலைச் சுத்தமாக்குவதும் விளையாட்டு வேலை இல்லை. சிர்க்கோனில் சிலிக்கா இறுகப் பிடித்திருக்கிறது, எரிசோடாவோடு உருக்கி, அமிலத்தில் கரைத்து, வீழ்படிவாக்கி என்று நீளும். கொஞ்சம் இரும்பு மிச்சம் நின்றாலே பீங்கானின் மின் குணம் மாறிவிடும். சுத்திகரித்த தூளை உலகச் சந்தையில் பீப்பாயாக வாங்கலாம். புல்மோட்டை மணலுக்குப் பெறுமதி கூட்ட வேண்டும் என்பது வேறு விவாதம், நல்ல விவாதம், அதைச் சோனாரில் கொண்டுவந்து கட்ட வேண்டாம்.

சரி, பீங்கான் சுடுவது எங்களுக்குத் தெரியுமே, மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் உலகத்துக்கே கோப்பை தட்டு செய்து அனுப்புகிறோமே என்று அடுத்ததாகச் சொல்வார்கள். இந்தக் கலவைக்கு வேண்டிய 1250 பாகை செல்சியஸ் அளவு சூடு அந்தச் சூளைகளில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் ஈய ஒட்சைட்டு ஆவியாகும். ஈயம் போனால் கலவை கெட்டுவிடும், அதனால் வட்டுகளை மூடிய அலுமினாப் பாத்திரத்துக்குள், ஈயம் கலந்த தூளைச் சுற்றி வைத்துச் சுட வேண்டும். அப்படிச் சுட்ட சூளையில் சாப்பாட்டுத் தட்டைச் சுட நீங்கள் சம்மதிப்பீர்களா? அதற்குப் பிறகும் அது வெறும் கல்தான். வெள்ளி பூசி, 100 பாகைக்கு மேல் சூடான சிலிக்கன் எண்ணெய்க்குள் இறக்கி, தடிப்பில் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 2, 3 ஆயிரம் வோல்ட் என்று மின்னழுத்தம் கொடுத்தால்தான் உள்ளே தாறுமாறாக நிற்கும் மின் முனைவுகள் ஒரே பக்கம் திரும்பும். 10 மில்லிமீற்றர் வட்டுக்கு 20 முதல் 30 ஆயிரம் வோல்ட். இதையெல்லாம் ஈயத்தூசு வேலையாட்களின் மூச்சுக்குள் போகாமல் செய்ய வேண்டும். பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் இடங்களைக் கண்டவர்களுக்கு நான் ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்று விளங்கும். டிரான்ஸ்டியூசர் செய்யும் வெளிநாட்டுக் கம்பனிகள் பலவும் வட்டை இன்னொரு கம்பனியிடம் வாங்கித்தான் வேலை செய்கின்றன. நாங்களும் வாங்குவோம், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

பெருமைதான் வேண்டும் என்றால் கட்டுரையாளர் இதைவிட நல்ல ஒன்றைச் சொல்லியிருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வியாபாரிகள் இலங்கையிலிருந்து ஒரு கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சூடாக்கினால் சாம்பலை இழுக்கும் கல். தோரமல்லி என்று இரத்தினபுரியில் இன்றும் விற்கிற டூர்மலின்தான். சிலோன் காந்தம் என்றே அங்கே அதைச் சொன்னார்கள். 1880 இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் வருகிறது என்று காட்டியபோது சோதித்த கற்களில் டூர்மலினும் ஒன்று, குவார்ட்ஸ் இன்னொன்று. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகளைத் தேட வேண்டி வந்தபோது போல் லாஞ்செவன் 1917 இல் குவார்ட்ஸை இரண்டு உருக்குத் தகடுகளுக்கு நடுவில் வைத்து ஒட்டித் தண்ணீருக்குள் ஒலி அனுப்பினார். இன்றைக்கும் அந்த வகை அமைப்பை அவர் பெயரால்தான் சொல்கிறோம்.

உண்மையான வேலை வட்டு கையில் வந்த பிறகுதான் தொடங்குகிறது, கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பீங்கானுக்குள் ஒலி செக்கனுக்கு 4000 மீற்றர் அளவில் போகிறது. தடிப்பு அரை அலைநீளமாக இருந்தால் வட்டு நன்றாக ஒத்ததிரும், அதாவது கொடுத்த மின்னழுத்தத்துக்கு மிகப் பெரிதாக அதிரும், ஆகவே 200 கிலோஹேர்ட்ஸுக்கு 10 மில்லிமீற்றர். 50 கிலோஹேர்ட்ஸுக்கு அதே கணக்கில் 40 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும், விலையும் பாரமும் ஏறும். அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், அதே 10 மில்லிமீற்றர் வட்டின் விட்டத்தை 45 மில்லிமீற்றர் அளவில் வைக்கிறார்கள், அது குறுக்காக விரிந்து சுருங்கும்போது 50க்குப் பக்கத்தில் ஒத்ததிரும். ஒரே வட்டு, இரண்டு அதிர்வெண். எங்கள் படகுகளில் இருப்பதில் பெரும்பாலானது இந்த வகைதான். 50 இல் ஒலிக்கற்றை 40 பாகை அளவுக்கு விரியும், 200 இல் 10 பாகைதான். 100 மீற்றர் ஆழத்தில் முதலாவது 70 மீற்றருக்கு மேல் அகலமான வட்டத்தைப் பார்க்கிறது, இரண்டாவது 17, 18 மீற்றரை. திரையில் கூட்டம் தெரிகிறது, வலையைப் போட்டால் ஒன்றுமில்லை என்று கருவியைத் திட்டுகிற சம்மாட்டிமார் பலருக்கு இந்த ஒரு கணக்கைச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது வட்டிலிருந்து ஒலியைத் தண்ணீருக்குள் இறக்குவது. கரையில் நின்று எவ்வளவு கத்தினாலும் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பவனுக்குச் சரியாகக் கேட்காது. இரண்டு ஊடகங்களின் ஒலித்தடை, அதாவது ஒலி போவதற்கு அந்தப் பொருள் காட்டும் எதிர்ப்பு, மிகவும் வேறாக இருந்தால் ஒலியில் பெரும்பகுதி எல்லையிலேயே திரும்பிவிடும். பீங்கானின் ஒலித்தடை தண்ணீரைப் போல் 20 மடங்கு. அதனால் முகத்தில் கால் அலைநீளத் தடிப்பில், இரண்டுக்கும் நடுத்தரமான பொருளில் ஒரு படை ஒட்ட வேண்டும், கண்ணாடித் தூளோ அலுமினாத் தூளோ கலந்த எப்பொக்சி மாதிரி ஒன்று. பின்பக்கம் ஒலி போகவே கூடாது என்றால் தக்கையோ மூடிய குமிழி நுரையோ வைக்கலாம், உள்ளே இருக்கும் காற்று ஒலியை முன்னுக்கே திருப்பிவிடும். குறுகிய துடிப்பு வேண்டும் என்றால் அதற்குப் பதிலாக டங்ஸ்டன் தூள் கலந்த பாரமான எப்பொக்சியைப் போட்டு ஒலியை விழுங்க விட வேண்டும், அப்போது வலு குறையும், ஆனால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மீன் ஒன்றாகத் தெரியாது. எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானிக்காமல் செய்த கருவி இரண்டுக்கும் உதவாது.

கம்பி ஒட்டுவதிலேயே வட்டைக் கொன்றுவிடலாம். இந்தப் பீங்கானின் கியூரி வெப்பநிலை, அதாவது ஒரே பக்கம் திருப்பிய முனைவுகள் முற்றாகக் குலைந்துபோகும் சூடு, 300 பாகை சொச்சம், அதன் பாதியைத் தாண்டவே விடாமல் வைத்திருப்பது நல்லது. சோல்டரிங் அயன் முனையோ 350 பாகை. கொஞ்சம் வெள்ளி கலந்த சோல்டரை எடுத்து, விளிம்பில், ஒரு தொடுகை. சாதாரண சோல்டர் என்றால் வட்டின் வெள்ளிப் பூச்சையே தின்றுவிடும். ரேடியோ திருத்தின கை என்று நம்பிச் சூடு காட்டிக்கொண்டு நின்றால் முனைவாக்கம் போய் வட்டு திரும்பவும் கல்லாகும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பிறகு வார்ப்பு. தண்ணீருக்கு ஒத்த ஒலித்தடை உள்ள பொலியூரிதேன் ஊற்றித்தான் மூட வேண்டும், இங்கேதான் கொழும்பின் காற்று எங்களுக்கு எதிரி. பொலியூரிதேனில் ஒரு பகுதி ஈரத்தைக் கண்டால் அதனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு விடும், அதாவது குமிழி. எங்கள் ஈரப்பதத்தில் மழை நாளில் திறந்த அறையில் கலக்கினால் பஞ்சு மாதிரிப் பொங்கி நிற்கும். உலர்த்திய அறை, உலர்த்திய அச்சு, ஊற்றுவதற்கு முன் வெற்றிடப் பாத்திரத்தில் காற்றை உறிஞ்சுவது, இது மூன்றும் இல்லாமல் யாரும் தொடங்கவே வேண்டாம். தண்ணீருக்கும் காற்றுக்கும் ஒலித்தடை வித்தியாசம் 3500 மடங்குக்கு மேல், வட்டின் முகத்தில் காகிதத் தடிப்புக் காற்றுப் படலம் நின்றால் போதும், முழு ஒலியும் உள்ளேயே சுழன்று வட்டு சூடாகும்.

என்னிடம் வரும் செத்த கருவிகளில் வட்டு உடைந்தது அரிது. கேபிள் வழியாகத்தான் தண்ணீர் போயிருக்கும். கேபிளின் உறை பொலியூரிதேனோடு ஒட்டாத வகையாக இருந்தால் அந்த இடைவெளியில் கடல்நீர் மெதுவாக ஊர்ந்து போய் வெள்ளியைத் தின்னும். அப்புறம் இந்தக் கேபிளை வெட்டி ஒட்டும் பழக்கம். வட்டின் மின்கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் அளவு, 2 நனோபரட் அளவுதான் (1 நனோபரட் என்றால் 1000 பிகோபரட்), கேபிளோ மீற்றருக்கு 100 பிகோபரட் அளவில் வைத்திருக்கும், 10 மீற்றர் கேபிளே வட்டின் பாதிக்குச் சமம். மிச்சக் கேபிள் இடைஞ்சலாக இருக்கிறது என்று வெட்டினால் பெட்டிக்கும் வட்டுக்கும் இருந்த பொருத்தம் குலைகிறது, பிறகு மீன் தெரியவில்லை என்று புறக்கோட்டையில் புதுப் பெட்டி வாங்குகிறார்கள். படகின் அடிக்குப் பூசும் பெயின்ற்றைக் கருவியின் முகத்திலும் தடிப்பாக அப்பிவிடுவது இன்னொரு கதை.

இவ்வளவும் சொன்னது நாங்கள் செய்ய முடியாது என்பதற்காக இல்லை. ஒட்டுவது, வார்ப்பது, கேபிள் அடைப்பது எல்லாம் கைவேலை. கண்ணாடியிழைப் படகு செய்யும் பையன்களுக்கு ரெசினின் குணம் தெரியும், வெண்கலம் வார்ப்பவர்கள் இருக்கிறார்கள், முதலாம் குறுக்குத் தெருவில் மின்னணுப் பாகங்கள் கிடைக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: செய்ததை அளந்து பார்க்க ஒரு தொட்டி.

அளக்காமல் செய்தால் அது வெறும் பிளாஸ்டிக் கட்டி. வட்டைக் காற்றில் வைத்து அதிர்வெண்ணை மாற்றி மாற்றி மின்தடங்கலை, அதாவது மாறுமின்னுக்கு வட்டு காட்டும் எதிர்ப்பைப் பார்த்தால் ஒத்ததிர்வில் கூர்மையான பள்ளமும் சற்று மேலே ஒரு மேடும் வரும். கருவியை முடித்துத் தண்ணீருக்குள் இறக்கினால் அந்தப் பள்ளமும் மேடும் தட்டையாக வேண்டும், ஏனென்றால் சக்தி தண்ணீருக்குப் போகிறது. தண்ணீருக்குள்ளும் காற்றில் இருந்தமாதிரியே கூர்மையாக நின்றால் எங்கேயோ ஒட்டு விட்டிருக்கிறது அல்லது குமிழி நிற்கிறது. இந்தளவை ஒரு வாளித் தண்ணீரில் நானே பார்க்கிறேன். எவ்வளவு ஒலி வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்பதற்குத்தான் தொட்டி வேண்டும். 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம் போதும். நடு ஆழத்தில் கருவியையும் தண்ணீருக்குள் ஒலி கேட்கும் ஒலிவாங்கியான ஹைட்ரோபோனையும் 1 மீற்றர் இடைவெளியில் தொங்கவிட்டால், நேரே வரும் ஒலிக்கும் மேற்பரப்பில் பட்டு வரும் முதல் எதிரொலிக்கும் இடையில் 0.8 மில்லிசெக்கன் கிடைக்கிறது. 50 கிலோஹேர்ட்ஸில் அதற்குள் 40 அலை அடங்கும், தாராளம். தரப்படுத்திய ஹைட்ரோபோன் இல்லையே என்று கைவிரிக்கவும் தேவையில்லை, மூன்று கருவிகளை ஒன்று பேச மற்றது கேட்க என்று மாற்றி மாற்றி அளந்து, வெளியிலிருந்து எந்த ஒலி அளவுகோலும் இல்லாமலே உணர்திறனைக் கணக்கிடும் முறை 1940களிலிருந்து இருக்கிறது. பெரிய செலவு தொட்டிக்குக்கூட இல்லை, கருவியை ஒவ்வொரு பாகையாகத் திருப்பும் அச்சுக்கும் மின் அலையைத் திரையில் காட்டும் ஒரு நல்ல அலைகாட்டிக்கும்தான்.

கடற்படை சோனார், ஆழ்கடல் வரைபடச் சோனார் இரண்டையும் கட்டுரையாளர் இதோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார். 12 கிலோஹேர்ட்ஸில் ஆழ்கடல் அடியை வரையும் கருவிக்கு இந்த மாதிரித் தனி வட்டு என்றால் தடிப்பு 16 சென்டிமீற்றருக்கு மேல் வேண்டும், யாரும் அப்படிச் செய்வதில்லை. பீங்கான் வளையங்களை அடுக்கி, முன்னால் அலுமினியத் தலை, பின்னால் உருக்குப் பாரம், நடுவில் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையில் வெடிக்கும், அதனால் எப்போதும் அமுக்கத்திலேயே வைத்திருக்க அந்த போல்ட். அப்படிப்பட்டவற்றை நூற்றுக்கணக்கில் மீற்றர் கணக்கான நீளத்துக்குக் கப்பலின் அடியில் வரிசையாகப் பதிக்க வேண்டும், இன்னும் தாழ்ந்த அதிர்வெண் என்றால் தொட்டியில் அளக்கவும் முடியாது, ஏரியோ நீர்த்தேக்கமோ வேண்டும். இந்தியாவில் கொச்சியில் இதற்கென்றே கடற்படை ஆய்வுகூடம் இருக்கிறது. அதோடு போட்டி போடப் போகிறோம் என்று தொடங்கினால் எங்கும் போகமாட்டோம்.

நாகசாகிப் பக்கம் கப்பல்களுக்கு மின்வேலை செய்துகொண்டிருந்த சகோதரர்கள்தான் 1948 இல் மீன் தேடும் கருவியை முதன்முதலில் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஃபுருனோ என்ற பெயர் எங்கள் துறைமுகத்தில் படகில் போகிற எல்லோருக்கும் தெரியும். அவர்களும் கருவி திருத்துகிற கடையிலிருந்துதான் தொடங்கினார்கள், மணல் சுரங்கத்திலிருந்து இல்லை.

என் கோரிக்கை சின்னது. மட்டக்குளியில் காக்கைத்தீவில் சமுத்திரப் பல்கலைக்கழகமும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மொறட்டுவையில் மின்னணுவியலும் பொருள்விஞ்ஞானமும் படிப்பிக்கிறார்கள். இவற்றில் ஒன்றில் அந்தத் தொட்டியைக் கட்டி, கிழமையில் ஒரு நாள் வெளிப் பட்டறைகளுக்கும் திறந்துவிடட்டும், கட்டணம் வாங்கட்டும். மாணவர்களுக்கு இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஆயுளுக்கும் போதுமான வேலை கிடைக்கும். முதல் கட்டமாகப் புதிது செய்யவே வேண்டாம், கேபிள் வழியாகத் தண்ணீர் போய்க் கழித்துப் போடுகிற வெண்கலக் கூடுகளில் புது வட்டு வைத்து வார்த்து, அளந்து, ஒரு தாளில் அதிர்வெண்ணும் உணர்திறனும் எழுதிக் கொடுத்தால் போதும். 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி இறுகிப் போனபோது ஒரு டிரான்ஸ்டியூசருக்காகக் காத்திருந்த படகுக்காரரிடம் கேளுங்கள், அந்தத் தாளுக்கு என்ன பெறுமதி என்று சொல்வார்.

கடைசியாக, கட்டுரையில் வந்த ஒரு தகவல் பிழையை அடுத்த ஞாயிறே திருத்திவிடுங்கள், படகுக்காரர்கள் அதை நம்பிக் காசு செலவழித்துவிடுவார்கள். அதிர்வெண் கூடினால் ஆழமும் கூடும் என்று போட்டிருக்கிறீர்கள். மாறி வந்துவிட்டது. அதிர்வெண் கூடக் கூடக் கடல்நீர் ஒலியை விரைவாக உறிஞ்சிவிடும், ஆகவே ஆழத்துக்கு 50 கிலோஹேர்ட்ஸ், கரையோரத்தில் விவரமாகப் பார்க்க 200.

இப்படிக்கு,
படகு மின்னணுக் கருவிகள் திருத்துபவர்,
கொழும்பு 15